டைனோசருக்குப் பேன் பார்த்தவர்கள்

இந்த வாரம் ஊர் அரசியல் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதை எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பேன் பற்றி எழுதத்தான் ஆளில்லை. அதனால் பேன். நம் தலையில் ஊர்கிற பேன் இல்லை. டைனோசர் உடம்பில் ஊர்ந்த பேன், தெள்ளு, உண்ணி வகையறா. சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறவர்கள் கை கழுவிவிட்டு வாருங்கள்.

கெடாவில் பீடோங் பக்கம் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது ஆரம்பித்தது இது. வெளிநாட்டு வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: கெடா என்றதும் ரப்பர் தோட்டம்தான் பலருக்கு ஞாபகம் வரும். ஆனால் அலோர் ஸ்டாரைச் சுற்றிக் கண்ணுக்கு எட்டிய வரை நெல் வயல்தான். தோட்டம் பார்க்க வேண்டுமானால் தெற்கே பீடோங், சுங்கை பட்டாணி, பாடாங் செராய் என்று இறங்க வேண்டும். அங்கேயும் இப்போது பால்மரம் குறைந்து செம்பனை ஏறிவிட்டது. தோட்டத்து லயத்தை விட்டுத் தாமான் வீட்டுக்கு வந்து பல வருடமாகியும் பெரியம்மா கோழி வளர்ப்பதை மட்டும் விடவில்லை.

அன்று ஓர் அடைக்கோழி சுணங்கிக் கிடந்தது. பெரியம்மா அதைத் தூக்கி மடியில் மல்லாத்தி, வாலுக்கு அடியில் இறகைப் பிரித்தார். வெளிச்சம் பட்டதுதான் தாமதம், வெளிறிய மஞ்சளில் பூச்சிகள் நாலாபக்கமும் சிதறி ஓடின. இறகின் அடித்தண்டில் ஈறு கொத்துக் கொத்தாகக் கட்டிப்போய் இருந்தது. தோல் சிவந்து, அங்கங்கே பொருக்குத் தட்டியிருந்தது.

"பாரு, எப்படிப் புடிச்சிருக்குன்னு. லயத்துல இருந்தப்ப அடுப்புச் சாம்பலக் கொட்டி வெச்சிருப்போம், அதுங்களே போய்ப் பொரண்டுக்கும். இங்க எல்லாத்தையும் சிமெண்டு போட்டு மூடிட்டானுங்க. கோழி எங்க போய்ப் பொரளும்?"

"பெரியம்மா, நீங்க இப்ப டைனோசருக்குப் பேன் பாக்குறீங்க."

"எதுவா இருந்தா என்ன, கால இறுக்கிப் புடி."

பிடித்தேன். நான் சொன்னது விளையாட்டுப் பேச்சு இல்லை. பறவைகள் டைனோசர்களின் தூரத்துச் சொந்தம் என்பதுகூட இல்லை. இரண்டு காலில் நடந்த இறைச்சி தின்னும் டைனோசர் கூட்டத்தின் ஒரு கிளைதான் பறவை. 1861-இல் ஜெர்மனியில் இறகோடு ஆர்க்கியாப்டெரிக்ஸ் கிடைத்தபோது தொடங்கிய பேச்சு இது. 1996-இல் சீனாவில் மெல்லிய தூவி போர்த்திய சைனோசாரோப்டெரிக்ஸ் வெளிவந்த பிறகு சந்தேகப்பட்டவர்கள் குரல் தணிந்துவிட்டது. செம்பனைக் காட்டு ஓரத்தில் விடியற்காலையில் காட்டுக்கோழி ஒன்று கழுத்தை நீட்டி நீட்டி நடக்கிற நடையைப் பார்த்தவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

கோழி உடம்பில் ஓடுவது பொதுவாக இரண்டு சாதி. இறகுத் தண்டிலேயே ஒட்டிக் கிடக்கும் மெனோபான் என்ற சின்னது, சுமார் 2 மில்லிமீட்டர். தோலில் ஓடும் மெனகாந்தஸ் அதைவிடக் கொஞ்சம் பெரியது. பெரியம்மா மடியில் சிதறி ஓடியது பார்வைக்கு இதுதான். நம் தலைப்பேன் ஊசியை இறக்கி உறிஞ்சும். இவற்றுக்குக் கடித்து மெல்லும் தாடை. இறகையும் தோல் செதிலையும் தின்னும். பெரியது இன்னும் ஒரு படி மேலே போய், முளைத்து வரும் இளம் இறகின் தண்டைக் கடித்து அதில் ஓடும் இரத்தத்தையும் குடிக்கும்.

சரி, கோழிக்கு இது. கோழியின் பாட்டன் பூட்டன்களை, பல கோடி வருடத்துக்கு முன் இறகோடு திரிந்தவற்றை, யார் கடித்தார்கள்? இதைத் தேடிப் படிக்க ஆரம்பித்தால் துப்பறியும் கதை படித்த மாதிரி ஆகிவிடுகிறது. கடித்தவன் ஒரு கல்லில் கிடக்கிறான், கடிபட்டவன் வேறொரு கல்லில் கிடக்கிறான். இரண்டு பேரும் ஒரே இடத்தில் அகப்பட்டால் ஒழிய வழக்கு நிற்காது. இது புரியாமல்தான் பத்திரிகைகள் சில வருடத்துக்கு ஒரு தடவை "டைனோசர் பேன் கண்டுபிடிப்பு" என்று தலைப்புப் போட்டுக்கொண்டிருக்கின்றன.

2012-இல் வந்த தலைப்புதான் எனக்குப் பிடித்தது. அந்த வருடத்தின் முதல் சில மாதங்களுக்குள் சீனாவிலிருந்து இரண்டு தனித்தனிக் குழுக்கள் ராட்சதத் தெள்ளுகளைப் பற்றி எழுதினார்கள். நான்ஜிங்கில் ஹுவாங் டியிங் குழு 'நேச்சர்' இதழிலும், பெய்ஜிங்கில் காவ் தைபிங், ரென் டோங் குழு 'கரண்ட் பயாலஜி' இதழிலும். பாறைகள் இரண்டு இடத்தவை. ஒன்று உள் மங்கோலியாவில் தாவோஹுகோ, சுமார் 16.5 கோடி வருடப் பழமை. இன்னொன்று லியாவோனிங் மாகாணத்தில் யிசியான் பாறை, சுமார் 12.5 கோடி வருடம். இரண்டுமே எரிமலைச் சாம்பல் விழுந்து படிந்த ஏரிப் படிவுகள். சாம்பல் மாவு மாதிரி நுண்ணியது என்பதால் பூச்சியின் மயிர்க்காலைக்கூட அச்சுப் பிசகாமல் வைத்திருக்கிறது.

பூனையை மடியில் வைத்துக் கொஞ்சுகிறவர்களுக்குத் தெள்ளு எவ்வளவு பெரியது என்று தெரியும். 2 மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். சீனத் தெள்ளுகளில் சூடோபூலெக்ஸ் ஜுராசிகஸ் 17 மில்லிமீட்டர். சூடோபூலெக்ஸ் மேக்னஸ் 22.8 மில்லிமீட்டர். ஹுவாங் குழுவினருடைய பெண் தெள்ளும் 20 மில்லிமீட்டரைத் தாண்டுகிறது. உடம்பு வாட்டமும் வேறு. இன்றைய தெள்ளு பக்கவாட்டில் சப்பையாக இருக்கும். ரோமத்துக்கு நடுவே நுழைந்து ஓட அதுதான் வசதி. சூடோபூலெக்ஸ் மேலிருந்து அமுக்கிய மாதிரி தட்டையானது. குதிக்கிற கால் கிடையாது. அதற்குப் பதில் நீண்ட நகங்கள், பின்னோக்கிச் சாய்ந்த முரட்டு மயிர்கள். ஏறிப் பிடித்தால் விடாது. வாய்தான் பயங்கரம்: நீண்ட உறிஞ்சுகுழல், அதன் ஓரத்தில் அரம் மாதிரிப் பல். மெல்லிய தோலுக்கு இவ்வளவு ஆயுதம் தேவையில்லை. கடித்தால் ஊசி குத்தியது போல் இருந்திருக்கும் என்று ஜார்ஜ் பொய்னார் சொன்னார். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்துக்காரர். பிசின் கட்டிகளில் பூச்சி தேடுவதிலேயே ஆயுளைக் கழித்தவர். 'ஜுராசிக் பார்க்' நாவலின் கருவுக்கு விதை போட்டது இவருடைய ஆராய்ச்சிதான்.

ஆனால் இரை யார்? அதே தாவோஹுகோ பாறையில் இறகுள்ள சிறு டைனோசர் இருந்தது, உடம்பில் ரோமம் போன்ற இழை போர்த்திய பறக்கும் ஊர்வன இருந்தன, நீர்நாய் போல நீந்தித் திரிந்த காஸ்டரோகௌடா என்ற ரோமப் பாலூட்டியும் இருந்தது. தெள்ளு இவற்றில் யார் மேலும் ஒட்டிய நிலையில் கிடைக்கவில்லை. 2016-இல் கத்தரீனா டிட்மர் குழு இந்த டைனோசர் தெள்ளுக் கதையையே எடுத்து உலுக்கிப் பார்த்தது. இன்று உலகில் சுமார் 2,500 வகைத் தெள்ளுகள் உண்டு. பத்தில் ஒன்பதுக்கு மேல் பாலூட்டிகள் மேல்தான் வாழ்கின்றன. பறவை மேல் வாழ்வது சொற்பம், அதுவும் பிற்பாடு தாவியவை. தெள்ளுக் குடும்பமே பாலூட்டியோடு வளர்ந்த குடும்பம் என்றால், சீன ராட்சதர்கள் அந்தக் குடும்பத்தின் நேர் முன்னோர்தானா, அல்லது அதே தொழிலைத் தனியாகக் கற்றுக்கொண்டு பிறகு அழிந்துபோன வேறு கூட்டமா?

நான் எந்தப் பக்கம் என்று கேட்டால், அரம் வாய்க்கும் உடம்பு அளவுக்கும் ஏதோ பெரிய தோல்தான் பொருத்தம் என்று படுகிறது. ஆனால் பொருத்தம் வேறு, சாட்சி வேறு.

பொருத்தத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்ட்ராஷிலா நல்ல உதாரணம். 1992-இல் ருஷ்ய அறிஞர் அலெக்சாண்டர் ராஸ்னிட்சின் சைபீரியாவில் கிடைத்த இந்தப் பூச்சியை விவரித்தார். பின்னங்கால் தொடை கொழுத்து, நுனியில் இடுக்கி. இந்த இடுக்கியால் பறக்கும் ஊர்வனவற்றின் இறக்கைச் சவ்வைக் கவ்விக்கொண்டு வாழ்ந்திருக்கும் என்று நினைத்தார்கள். படம் போட்டார்கள். கேட்கவே நன்றாக இருந்தது. 2013-இல் தாவோஹுகோவிலிருந்து இன்னும் நல்ல மாதிரிகள் வந்தன. சிலவற்றுக்கு இறக்கை இருந்தது, வயிற்றோரம் செவுள். தண்ணீரில் வாழ்ந்து, கொஞ்ச நாள் பறந்து, இணை சேர்ந்து செத்துப்போகிற ஈ வகை அது! யாரையும் கடித்ததில்லை. இருபது வருடம் வீண் பழி சுமந்த பூச்சி.

கல்லை விட்டால் அடுத்த சாட்சி மரப் பிசின். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது எளிதாகப் பிடிபடும். கோடு போட்ட பால்மரத்தில் பால் இறங்கி மங்கில் சொட்டுகிறது. மிச்சம் கோட்டிலேயே காய்ந்து கோட்டுப்பாலாகிறது. அதை உரித்துப் பார்த்தால் எறும்பு, கொசு, ஏதாவது ஒன்று ஒட்டிக் கிடக்கும். பிசினும் அப்படித்தான் பிடிக்கிறது. ரப்பர்ப் பாலும் பிசினும் வேறு வேறு பொருள். பால் மக்கிப்போகும், குங்கிலியம் மாதிரிப் பிசின் மண்ணுக்குள் இறுகி, கோடி வருடம் போனாலும் கண்ணாடி மாதிரி நிற்கும். பிசினுக்கு இன்னொரு தயவும் உண்டு. பூச்சியை மட்டும் பிடிக்காமல், பக்கத்தில் பறந்து வந்த இறகையும் சேர்த்துப் பிடித்துவிடும். அதாவது கடித்தவனும் கடிபட்டவனும் ஒரே அறையில்.

இதற்குப் பெயர்போன இடம் நமக்கு ரொம்பத் தூரம் இல்லை. வட மியன்மாரின் கச்சின் மாநிலத்தில் ஹுகாவ்ங் பள்ளத்தாக்கு. 1942-இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்தபோது உயிர் தப்பி ஓடிய இந்தியர்களில் ஒரு பகுதியினர் மழையிலும் மலேரியாவிலும் நடந்து அசாமுக்குப் போனது இந்தப் பள்ளத்தாக்கு வழியாகத்தான். வழியில் செத்தவர்கள் பல ஆயிரம். அந்த மண்ணுக்கடியில்தான் 9.9 கோடி வருடத்துப் பிசின் கிடக்கிறது. சமீப காலத்தில் அந்தச் சுரங்கங்களுக்காகவே அங்கே சண்டை நடந்திருக்கிறது. மியன்மார் பிசினை ஆராய்ச்சிக்கு வாங்குவது சரியா என்று அறிஞர்களுக்குள்ளேயே தகராறு. 2020-இல் முதுகெலும்புத் தொல்லுயிர் ஆய்வாளர்களின் சங்கம் வாங்குவதை நிறுத்தி வைக்கச் சொல்லிக் கடிதம் எழுதியது. இதைச் சொல்லாமல் அந்தப் பிசினின் அழகை மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

அந்தப் பிசினில் கிடைத்த உண்ணிதான் இந்த வழக்கில் இதுவரை வந்த சாட்சிகளில் உருப்படியானது. உண்ணி பூச்சியினம் இல்லை, எட்டுக் கால், சிலந்திக்குச் சொந்தம். தலைப்புக்கு வெளியே என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். 2017-இல் ஸ்பெயினின் என்ரிக்கே பெனால்வேரும் ஆக்ஸ்ஃபோர்ட் அருங்காட்சியகத்தின் ரிக்கார்டோ பெரெஸ்-தெலா-ஃபுவென்ட்டேயும் வெளியிட்ட கட்டுரையில் ஒரு பிசின் துண்டு வருகிறது. உள்ளே ஓர் இறகு. இறகின் இழைகளுக்குள் கால் சிக்கிய நிலையில் கார்னுபால்பேட்டம் என்ற சின்ன உண்ணி. இன்றைய பறவைக் குடும்பங்கள் தலையெடுப்பதற்கு முந்தைய காலம் என்பதால் அந்த இறகுக்குச் சொந்தக்காரர் இறகுள்ள ஏதோ டைனோசர் என்கிறார்கள்.

அதே கட்டுரையில் டெய்னோக்ரோட்டன் டிராகுலி என்று புது உண்ணி ஒன்றும் உண்டு. டிராகுலா பெயரை வைத்துவிட்டார்கள். விஞ்ஞானிகளுக்கும் சினிமா ஆசை இருக்கும்போல. அதில் ஒன்று இரத்தம் குடித்து வழக்கமான அளவைப்போல் எட்டு மடங்கு உப்பியிருக்கிறது. நாய்க் காதில் பச்சைப் பயறு அளவுக்கு உப்பிய உண்ணியைப் பிடுங்கியவர்களுக்கு அந்தத் தோற்றம் பழகியதுதான். யாருடைய இரத்தம் என்று பார்க்க முடியவில்லை. உண்ணி முழுசாகப் பிசினுக்குள் மூழ்கவில்லை. வெளியே நீட்டிக்கொண்டிருந்த பகுதி வழியாகத் தாது படிந்து உள்ளே இருந்தது கெட்டுவிட்டது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. ஆனால் வேறு இரண்டு டெய்னோக்ரோட்டன்கள் மேல் ஒரு வண்டுப் புழுவின் முட்கள் ஒட்டியிருந்தன. தோல், இறகு, காய்ந்த இறைச்சியைத் தின்று கூடுகளில் குடியிருக்கும் வண்டு அது. அப்படியென்றால் இந்த உண்ணிகளும் ஏதோ ஒரு கூட்டுக்குள் இருந்து கடித்தவை. இறகுள்ள டைனோசர் கூடு கட்டி அடை உட்கார்ந்தது நமக்கு வேறு சான்றுகளால் தெரியும். அடைக்கோழிக்குத்தான் பேன் அதிகம் என்று பெரியம்மா சொல்வதற்கும் இதற்கும் உள்ள தொடர்பைப் பார்த்தீர்களா? ஒரே இடத்தில் அசையாமல் உட்கார்ந்தால் கடிக்கிறவனுக்குக் கொண்டாட்டம்.

அந்த வண்டுக் குடும்பத்துக்குத் தனிச் சாட்சியும் பிறகு வந்தது. ஸ்பெயினில் சான் ஹுஸ்ட் என்ற இடத்தின் 10.5 கோடி வருடப் பிசினில், இறகுகளுக்கு இடையே வண்டுப் புழுக்கள் உரித்துப் போட்ட சட்டைகள். 2023-இல் வெளியானது. அவை டைனோசரைக் கடித்தவை அல்ல. உதிர்ந்த இறகைத் தின்று, ஓசியில் குடியிருந்தவை.

இப்போது 2019-க்கு வருகிறேன். அந்த டிசம்பரில் "டைனோசர் பேன்" என்று உலகம் முழுக்கச் செய்தி ஓடியது. காவ் தைபிங் குழுதான் மறுபடியும். மியன்மார் பிசினில் இரண்டு இறகுகள், கூடவே 10 குட்டிப் பூச்சிகள். ஒவ்வொன்றும் 0.2 மில்லிமீட்டர் அளவு, அதாவது கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத பொடி. இறகில் கடித்த ஓட்டைகள். மீசோப்திரஸ் எங்கெலி என்று பெயர் வைத்தார்கள். இறகும் இருக்கிறது, பூச்சியும் இருக்கிறது, கடித்த தடமும் இருக்கிறது. இதற்கு மேல் என்ன வேண்டும் என்றுதான் தோன்றும்.

2021-இல் நியூயார்க்கின் டேவிட் கிரிமால்டியும் இசபெல் வேயாவும் காவ் குழுவின் கட்டுரை வந்த அதே இதழில் பதில் எழுதினார்கள்: இது பேன் இல்லை, செதில் பூச்சியின் குஞ்சு. கறிவேப்பிலைக் காம்பில், செம்பருத்தித் தண்டில் பொட்டுப் பொட்டாக ஒட்டிக் கிடந்து சாறு உறிஞ்சுமே, அந்தக் கூட்டம். பொரிந்த குஞ்சுகள்தான் நடமாடும், காற்றில் பறக்கும், எதில் பட்டாலும் ஒட்டும். பிசின் வடிந்த மரத்திலேயே அவை இருந்திருக்கும், இறகு வந்து பட்டதும் சேர்ந்து மாட்டியிருக்கும். காவ் குழுவும் விடவில்லை, பதிலுக்குப் பதில் எழுதியது. எனக்குக் கிரிமால்டி பக்கம் வலுவாகத் தெரிகிறது. உடம்பு அமைப்பை வைத்து அவர்கள் எடுத்த வாதம் அப்படி. ஒரே அறையில் இருந்தான் என்பதற்காகக் கொலைகாரன் ஆகிவிடமாட்டான்.

கொசுவைச் சொல்லாமல் விட்டால் திட்டுவீர்கள். 1993-இல் 'ஜுராசிக் பார்க்' வந்தபோது, பிசினில் மாட்டிய கொசு வயிற்றிலிருந்து டைனோசர் இரத்தத்தை எடுத்து டி.என்.ஏ. பிரித்துக் குட்டி போட வைக்கலாம் என்று எங்கள் வயதுக்காரர்கள் எல்லாம் நம்பினோம். அதே வருடம் பொய்னாரும் ரவுல் கானோவும் லெபனான் பிசினில் இருந்த ஒரு வண்டின் டி.என்.ஏ.வையே எடுத்துவிட்டதாக வேறு எழுதினார்கள். பிறகு செய்து பார்த்தவர்கள் யாருக்கும் அப்படிக் கிடைக்கவில்லை. 2012-இல் நியூசிலாந்தின் மோவா பறவை எலும்புகளை வைத்துக் கணக்குப் போட்டதில், அந்தச் சூழலில் டி.என்.ஏ. 521 வருடத்துக்கு ஒரு தடவை பாதியாக உடைகிறது என்று வந்தது. உறைகுளிரில் வைத்திருந்தாலும் 68 லட்சம் வருடத்தில் ஒன்றும் மிஞ்சாது. டைனோசர் போய்ச் சேர்ந்தது 6.6 கோடி வருடத்துக்கு முன். நிஜமாகவே வயிறு நிறைய இரத்தத்தோடு கிடைத்த கொசு ஒன்று உண்டு: அமெரிக்காவின் மொன்டானாவில், 4.6 கோடி வருடப் பாறையில், டேல் கிரீன்வால்ட் 2013-இல் எழுதியது. இரத்தச் சிவப்பின் மூலப்பொருளான இரும்பும் போர்ஃபிரினும் அதன் வயிற்றில் இருந்தன. கடித்தது யாரை என்பது போய்விட்டது. எப்படிப் பார்த்தாலும் டைனோசர் இல்லை, அது இரண்டு கோடி வருடம் பிந்திய கொசு.

மூட்டைப்பூச்சியின் கதை எதிர்பாராதது. பழைய லயத்தில் பலகைக் கட்டிலைச் சனிக்கிழமை வெளியே இழுத்துப் போட்டுக் கொதிநீர் ஊற்றுவதை எங்கள் வீட்டில் அடிக்கடி சொல்வார்கள். இடுக்கிலிருந்து சாரைசாரையாக வருமாம். நம் ஊர் மூட்டைப்பூச்சி வெப்பநாட்டு வகை, சைமெக்ஸ் ஹெமிப்டெரஸ். பினாங்கு யூ.எஸ்.எம். பல்கலைக்கழகத்தில் லீ சௌ யாங்கின் குழு விடுதிகளிலும் வீடுகளிலும் தேடிப் பிடித்தபோது பெரும்பாலும் இதுதான் அகப்பட்டது. மூட்டைப்பூச்சி முதலில் வௌவாலைக் கடித்தது, குகையில் மனிதன் குடியேறியபோது அவன் மேல் தாவியது என்பது நெடுநாள் கதை. குனோங் கெரியாங் குகைக்குள் வௌவால் வாடையை மோந்தவர்களுக்கு நம்பும்படிதான் இருக்கும். 2019-இல் ஸ்டெஃபன் ராத், கிளாவ்ஸ் ரைன்ஹார்ட், மைக்கேல் சிவஜோதி உள்ளிட்ட குழு, 15 வருடம் குகை குகையாகச் சேகரித்த மாதிரிகளின் டி.என்.ஏ.வை வைத்துப் பார்த்ததில், மூட்டைப்பூச்சிக் குடும்பம் சுமார் 11.5 கோடி வருடத்துக்கு முன்பே இருந்திருக்கிறது. அப்போது வௌவாலே கிடையாது! டைனோசர் இருந்தது.

உடனே டைனோசரைத்தான் கடித்தது என்று குதித்துவிடக் கூடாது. மூட்டைப்பூச்சி உடம்பில் குடியிருக்காது. இடுக்கில் ஒளிந்திருந்து, இரவில் வந்து குடித்துவிட்டு, திரும்பப் போய்ப் படுத்துக்கொள்ளும். அதற்கு ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பத் தூங்க வருகிற ஆள் வேண்டும். பொந்து, குகை, கூடு. திரிந்துகொண்டே இருக்கும் பெரிய டைனோசர் அதற்குச் சரிப்படாது என்பது அந்தக் குழுவின் கருத்து. முதல் இரை யார் என்பது திறந்தே கிடக்கிறது.

மறுபடி பறவைப் பேனுக்கு வந்தால், அதன் பழைய படிவம் என்று எல்லோரும் ஒத்துக்கொள்வது ஜெர்மனியின் எக்ஃபெல்ட் எரிமலை ஏரியில் கிடைத்த மெகாமெனோபான். 4.4 கோடி வருடம். 2004-இல் வெளியானது. வயிற்றில் தின்ற இறகுத் துணுக்கே இருக்கிறது. வாத்து வகைகளில் இன்று இருக்கும் பேனுக்குச் சொந்தம் என்கிறார்கள். அதற்கு முந்தைய காலத்துக்கு டி.என்.ஏ. கணக்குதான் கதி. 2011-இல் வின்சென்ட் ஸ்மித்தும் கெவின் ஜான்சனும் மற்றவர்களும் போட்ட கணக்கில், பேன் பல கிளைகளாகப் பிரிந்தது டைனோசர் அழிவுக்கு முன்பே; ஆகவே இறகுள்ள டைனோசர் மேல் பேன் இருந்திருக்கலாம். 2018-இல் அதே ஜான்சன் இன்னும் நிறைய மரபணுக்களை வைத்துப் போட்ட கணக்கில், பேன்கள் பெருகியது பெரும்பாலும் அழிவுக்குப் பிறகு, பறவையும் பாலூட்டியும் பெருகியபோதுதான். ஏழு வருடத்தில் தன் கணக்கைத் தானே திருத்துகிற ஆளை எனக்குப் பிடிக்கும். நம் ஊரில் சிலர் எழுபது வருடமானாலும் மாற்றமாட்டார்கள்.

எப்படியானாலும் பேன் தன் வீட்டோடு சாகிற சாதி. கலிஃபோர்னியாவில் காண்டோர் கழுகு அழியும் நிலைக்கு வந்தபோது, 1980-களில் மிஞ்சியவற்றை எல்லாம் பிடித்துக் கூண்டில் வளர்த்தார்கள். பிடித்ததும் மருந்தடித்துப் பேனெடுத்தார்கள். கழுகு பிழைத்தது. அந்தக் கழுகில் மட்டுமே வாழ்ந்த ஒரு பேன் வகை உலகத்திலிருந்தே போய்விட்டது. 6.6 கோடி வருடத்துக்கு முன் விண்கல் விழுந்தபோது எத்தனை டைனோசர் வகையோ, அவற்றோடு குடியிருந்தவையும் அப்படியே போயிருக்கும்.

தமிழ்நாட்டில் ஏதாவது உண்டா என்று கேட்பீர்கள். அரியலூர் பக்கம் கல்லமேட்டில் யாதகிரியும் அய்யாசாமியும் 1980-களின் இறுதியில் எழுதிய புருகத்காயோசாரஸ் உண்டு. கணுக்காலுக்கு மேலே உள்ள எலும்பு மட்டும் 2 மீட்டர். உலகத்திலேயே பெரிய டைனோசர்களில் ஒன்றாக இருக்கலாம் என்று பேச்சு. எலும்புகள் மழையும் ஈரமும் பட்டு உதிர்ந்து போயின, படங்கள்தான் மிச்சம். 2 மீட்டர் எலும்பே நிற்காத மண்ணில் 2 மில்லிமீட்டர் பேனை எங்கே தேடுவது?

நம் நாட்டிலும் டைனோசர் உண்டு, பஹாங் உள்காட்டில். மலாயாப் பல்கலைக்கழகத்தின் மசதோஷி சோனே குழு 2012-இல் எடுத்து, ஜப்பானின் வசேடா பல்கலைக்கழக நிபுணரோடு சேர்ந்து ஆராய்ந்து, 2014 பிப்ரவரியில் அறிவித்தது. ஆற்றோரம் மீன் தின்ற ஸ்பைனோசார் வகையின் பல் ஒன்று. பூச்சி வைத்திருக்கும் பிசினும் நம்மிடம் உண்டு. சரவாக்கின் மெரிட் பிலா நிலக்கரிச் சுரங்கத்தில் 60 கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒற்றைக் கட்டியே கிடைத்திருக்கிறது. ஆனால் அந்த மரங்கள் பிசின் வடித்தது டைனோசர் போய் நாலைந்து கோடி வருடம் கழித்து. பஹாங் பல் கிடைத்த இடத்தைச் சோனே குழு வெளியில் சொல்லவில்லை. நல்லதுதான். சொல்லியிருந்தால் அந்தச் சனிக்கிழமையே நம் ஆட்கள் மண்வெட்டியும் தாப்பாவ் கட்டிய நாசி லெமாக்குமாகக் கிளம்பியிருப்பார்கள். பல்லின் நீளம் 23 மில்லிமீட்டர். யிசியான் பாறையின் அந்தப் பெரிய தெள்ளு, மறுபடி மேலே போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள், 22.8.